மறுமொழி: திங்க் டேங்க் – ‘சிந்தனைக் குழாம்’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

‘திங்க் டேங்க்’ (ஆராய்ந்து ஆலோசனை சொல்லும் நிறுவனம்), அதிலும் படைத்துறைக்கு ஆலோசனை சொல்வது, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. எல்லா மடல்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

> ‘சிந்தனைக் குழாம்’ நாளிதழ்களில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. புதுச் சொல் எதற்கு?

‘சிந்தனைத் தொட்டி’ என்ற நேர் மொழிபெயர்ப்பிலிருந்து நம்மைக் காப்பாற்றிய சொல் அது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் குழாம் என்றால் கூடிப் பேசிக் கலைகிற கூட்டம் என்றுதான் மனதில் படுகிறது. அமெரிக்க வான்படைக்கு ஆராய்ந்து ஆலோசனை சொன்ன ரேண்ட் நிறுவனத்துக்கு அதைப் பொருத்திப் பாருங்கள், உதைக்கும். 1945இல் அமெரிக்க வான்படைத் தளபதி ஹேப் ஆர்னால்டு, போர்க்கால ஆராய்ச்சிக்கு ஒதுக்கி மிஞ்சியிருந்த 1 கோடி டாலரைக் கொண்டு அதைத் தொடங்கிவைத்தார். அப்போது அது சான்டா மோனிகாவில் டக்ளஸ் விமானக் கம்பெனிக்குள் ஒரு திட்டம், அவ்வளவே. விமானம் விற்கிற கம்பெனியே விமானம் வாங்குகிறவருக்கு ஆலோசனை சொல்வது சரிப்படுமா? 1948இல் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு இலாப நோக்கற்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. வாடிக்கையாளர் மட்டும் மாறவில்லை, வான்படைதான்.

அப்புறம் ஒரு பெட்டக விஷயம். வியட்நாம் போர் பற்றிய பென்டகனின் இரகசிய வரலாறு, 47 தொகுதிகள், ஏறத்தாழ 7,000 பக்கங்கள். அதன் நகல் ஒன்று ரேண்ட் அலுவலகப் பெட்டகத்தில் பூட்டிவைக்கப்பட்டிருந்தது. அங்கே வேலை பார்த்த டேனியல் எல்ஸ்பர்க் 1969இல் இரவு நேரங்களில் அதைக் கைப்பெட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போய், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விளம்பர நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரத்தில் படியெடுத்தார். 1971இல் அது நாளிதழ்களில் வெளிவந்து நாடே அதிர்ந்தது. அரசு இரகசியத்தை வைத்துக்கொள்ள அனுமதி பெற்ற தனியார் நிறுவனத்தைக் ‘குழாம்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

> ‘சூழ்வகம்’ எப்படி? சூழ்தல் என்றால் கலந்தெண்ணுதல். வள்ளுவரே மன்னனுக்குக் கண்ணாக இருப்பவர்களைச் ‘சூழ்வார்’ என்கிறாரே.

ஐயா, அழகான சொல். ஆனால் இன்று சூழ்ச்சி என்றால் சதி. ‘படைத்துறைச் சூழ்வகம்’ என்று தலைப்புப் போட்டால் வாசகர் ஆட்சிக் கவிழ்ப்பு என்றே நினைத்துக்கொள்வார். (ரேண்டைப் பிடிக்காதவர்கள் இதுவே பொருத்தம் என்பார்கள், அது வேறு கதை.)

> நேரடியாகப் ‘படைத்துறை ஆய்வகம்’ என்றுவிடலாமே?

ஆய்வகம் என்றதும் சோதனைக்குழாயும் ஏவுகணையும்தான் கண்முன் வருகின்றன. ரேண்ட் பொருள் எதையும் செய்வதில்லை, காகிதம்தான் செய்கிறது. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் சாத்தியம் என்று 1946இலேயே அறிக்கை கொடுத்தது. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்ததோ 1957இல்.

என் முன்மொழிவு: மதியுரையகம்.

‘மதியுரைஞர்’ ஈழத்து வழக்கில் நன்றாகப் புழங்கிய சொல், அதனால் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. சிந்திக்கிறோம் என்பது இந்த நிறுவனங்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்வது. மதியுரை என்று சொன்னாலோ ‘யாருக்கு?’ என்ற கேள்வி உடனே எழும். நமக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவதும் மதியுரை ஆகாது. வெளிநாட்டில் குண்டுவீச்சு விமானத் தளங்களை எங்கெங்கே அமைக்கலாம் என்று வான்படை கேட்டது. ரேண்டின் ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டர் குழு கேள்வியையே திருப்பிப்போட்டது: சோவியத் முதலில் அடித்தால் அந்தத் தளங்களில் என்ன மிஞ்சும்? விமானங்களை உள்நாட்டிலேயே வைத்துக்கொண்டு, வெளிநாட்டுத் தளங்களை எரிபொருள் நிரப்ப மட்டும் பயன்படுத்துங்கள் என்று முடிவு சொன்னார்கள். கேட்டவர் எதிர்பார்க்காத பதில். ஆனாலும் போரே வேண்டுமா என்ற கேள்வி வான்படையோடு போட்ட ஒப்பந்தத்துக்குள் வராது. சார்பு இருப்பது அங்கேதான், பதிலைக் காசு கொடுத்து வாங்குவதில் என்று நான் நினைக்கவில்லை.

எனவே அடைமொழி ‘படைசார்’ என்று இருக்கட்டும். ‘படை மதியுரையகம்’ என்றால் இராணுவத்தின் உட்பிரிவு போலத் தோன்றும். படைசார் மதியுரையகம் என்றால் வெளியே நிற்கிறது, ஆனால் சாய்ந்து நிற்கிறது என்று புரியும்.

டெல்லியில் 1965இல் தொடங்கிய பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்கும் (இப்போது மனோகர் பரிக்கர் பெயரில் இருப்பது) இது பொருந்துமா என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் பல ஆண்டுகள் இயக்குநராக இருந்து வளர்த்த இடம். நிதி பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து வருகிறது, தலைவர் பாதுகாப்பு அமைச்சர். ரேண்ட் ஒப்பந்தத்தில் வாழ்கிறது, இது மானியத்தில். என் கணக்கில் இரண்டுமே படைசார்தான். வேறுபாடு காட்ட வேண்டிய இடத்தில் ‘ஒப்பந்த’, ‘மானிய’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

‘மதியுரையகம்’ ஆறெழுத்தைத் தாண்டுகிறது, தலைப்பில் அடங்காது என்று பத்திரிகை நண்பர்கள் சொல்வார்கள். குறுக்கத் தெரிந்தவர்கள் குறுக்கித் தாருங்கள். மறுப்பு வராவிட்டால் வார இறுதியில் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கிறேன், ‘சிந்தனைக் குழாம்’ பக்கத்திலேயே மாற்றுச் சொல்லாக இருக்கட்டும்.