வண்டி மோதி அடிபட்டால்: கிளைம் போட்டவர்களின் அனுபவம்

திண்டுக்கல் அக்கா:
என் தம்பி மரவேலை செய்பவன், வயது 38. பைக்கில் போனவனை வேன் இடித்து வலது மணிக்கட்டு நொறுங்கி, பிளேட் வைத்தார்கள். தூக்கி வந்தவர் யாரோ "வண்டியிலேருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர் காப்பியிலும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) அதையே எழுதிவிட்டார்கள். வேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான். வேனின் இடது முன்பக்கம் நசுங்கியிருந்ததாக மோட்டார் வாகன ஆய்வாளர் எழுதிய அறிக்கையும், டிரைவர் மேல் போலீஸ் போட்ட குற்றப்பத்திரிகையும் இருந்ததால் தப்பித்தோம். ஆள் கொஞ்சம் தேறியதுமே ஏ.ஆர் காப்பியை வாங்கிப் படித்துவிடுங்கள்.

அப்புறம் ஊனச் சதவீதம். மெடிக்கல் போர்டு கொடுத்தது 30. ஆனால் இழப்பீடு அந்த எண்ணோடு நிற்காது, தொழிலில் எவ்வளவு போச்சு என்றுதான் பார்க்க வேண்டும். இழைப்புளியைப் பிடிக்கவே முடியாதவனுக்கு 30 சதவீதம் என்ன கணக்கு? பட்டறை முதலாளி வந்து சாட்சி சொன்னார். நீதிபதி கையை மூடச் சொன்னார்; பாதிக்கு மேல் மடங்கவில்லை. 50 சதவீதமாக எடுத்துக்கொண்டார்கள்.

சம்பளச் சீட்டு கிடையாது என்பதால் மாத வருமானம் 12,000 என்று வைத்தார்கள். 40 வயதுக்குள் இருப்பவர், நிரந்தர வேலை இல்லாதவர் என்று எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி 16,800. அதை வருடக் கணக்காக்கி, 36 முதல் 40 வயதுக்கு உரிய பெருக்கு எண்ணான 15-ஆல் பெருக்கி, அதில் 50 சதவீதம் எடுத்தால் 15,12,000. 30 சதவீதமே போதும் என்று விட்டிருந்தால் 9,07,200தான். வைத்தியச் செலவு, வலி வேதனைக்கான தொகை, மனு போட்ட நாளிலிருந்து வட்டி எல்லாம் தனி.

கரூர்க்காரன்:
அக்கா, எங்கள் மாமாவை இடித்த லாரி நிற்கவே இல்லை, நம்பரும் தெரியாது. வண்டியே தெரியாமல் யார் மேல் கேஸ் போடுவது என்று வீட்டில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். அதற்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து கொடுங்காயத்துக்கு 50,000, உயிர் போனால் 2 லட்சம். மனு கொடுக்க வேண்டியது வருவாய்க் கோட்டாட்சியரிடம். லைசென்ஸ் எடுக்கிற ஆபீஸுக்குப் போய் அலையாதீர்கள். பின்னால் லாரி பிடிபட்டு முழு இழப்பீடு கிடைத்தால் இந்தப் பணத்தைக் கழித்துக்கொள்வார்கள். சின்னத் தொகைதான், பிசியோதெரபிக்கு ஆயிற்று.

மதுரை அண்ணன்:
ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கேஸ் பிடிக்க வார்டுக்கே ஒருவர் வந்தார். பைசா வேண்டாம், வருவதில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று எதுவும் நிரப்பாத வக்காலத்துத் தாளை நீட்டினார். அனுப்பிவிட்டேன். விபத்து நடந்தது சேலத்தில். ஆனால் நாம் குடியிருக்கும் ஊரில் விபத்து இழப்பீட்டு வழக்குகளைப் பார்க்கும் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம் என்பதால் மதுரையிலேயே போட்டோம். 2019 சட்டத் திருத்தத்தில் மனுவுக்கு ஆறு மாதக் கெடு வந்திருக்கிறது, கட்டு பிரிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லோக் அதாலத்தில் (சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றம்) பேசி முடிக்கச் சொன்னார்கள். பணம் சீக்கிரம் வரும், ஆனால் அதன் மேல் அப்பீல் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனி சொன்ன தொகை ஆஸ்பத்திரி பில்லுக்கே காணாது. வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டோம், கேஸ் நடக்கிறது.