பூஸ்டர் திரும்பி வந்தால் போதுமா?

வடமீன்:
ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் ஏவுதல்களை விடாமல் கவனிக்கும் நம்மில் பெரும்பாலோர் எழுதி வைப்பது மூன்றே விவரங்கள்: எந்தப் பூஸ்டர் (ராக்கெட்டை முதலில் தூக்கிச் செல்லும் கீழடுக்கு), அதற்கு எத்தனையாவது பயணம், எந்தக் கப்பலில் இறங்கியது. புறப்பட்ட எட்டாவது நிமிடத்தை ஒட்டி பூஸ்டர் இறங்கிவிட்டால் வாழ்த்துகள் குவிகின்றன, நேரலையும் மூடப்படுகிறது. அதே வேளையில் செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு மேலே போகிற இரண்டாம் அடுக்கை, அதாவது மேலடுக்கைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை.

மறுபயன்பாடு பாதி வழியில் நிற்கிறது. நாமோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதுபோலப் பேசுகிறோம். ஒவ்வொரு ஃபால்கன் 9 ஏவுதலிலும் ஒரு முழு மேலடுக்கு, அதாவது இன்ஜின், தொட்டிகள், கணினி அனைத்தும், ஒரே பயணத்தோடு தீர்ந்துபோகிறது. 2024-இல் மட்டும் ஃபால்கன் ராக்கெட்டுகள் 134 முறை பறந்தன. ஒவ்வொரு முறையும் புதிய மேலடுக்கு ஒன்று செய்யப்பட்டது, போனது.

விலையையும் பாருங்கள். 2016-இல் ஒரு ஃபால்கன் 9 பயணத்துக்கு அறிவிக்கப்பட்ட விலை 62 மில்லியன் டாலர். பயன்படுத்திய பூஸ்டர் மீண்டும் பறக்கத் தொடங்கியது 2017 மார்ச்சில். 2022-இல் விலை 67 மில்லியன் ஆனது. 2024-இல் 70 மில்லியனைத் தொட்டுவிடும் நிலைக்கு வந்தது. மறுபயன்பாடு செலவைக் குறைத்திருந்தால் அந்தக் குறைவு யார் கைக்குப் போனது?

விண்ணோக்கி:
வடமீன் அவர்களே, செலவும் விலையும் ஒன்றல்ல. போட்டியாளர் இல்லாத சந்தையில் விலை இறங்காததில் வியப்பில்லை. மிச்சமான பணம் எங்கே போனது என்று தேட வேண்டியதுமில்லை. தலைக்கு மேலே அதே நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொரு முறையும் புதிய ராக்கெட் செய்து அத்தனையையும் ஏவியிருக்க முடியும் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டட்டும்.

செலவின் பங்கீட்டை 2020-இல் ஸ்பேஸ்எக்ஸின் எலான் மஸ்க்கே சொல்லியிருக்கிறார்: பூஸ்டர் ஏறத்தாழ 60 சதவீதம், மேலடுக்கு 20, உச்சியில் சரக்கை மூடியிருக்கும் மூக்குக்கூடு 10. மூக்குக்கூட்டையும் இப்போது கடலிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். நீங்கள் "பாதி வழி" என்கிறீர்கள். பண மதிப்பில் பார்த்தால் முக்கால் வழிக்கு அருகில் வந்துவிட்டது.

தரையிறக்கத்தைக் கொண்டாடுவதில் என்ன குறை என்றும் எனக்குப் புரியவில்லை. எரிபொருள் தீரும் நிலையில் உள்ள பூஸ்டரின் எடையைவிட அதன் ஒரே ஒரு மெர்லின் இன்ஜினின் குறைந்தபட்ச உந்துவிசை அதிகம். ஆகவே அது அந்தரத்தில் நின்று இடம் பார்த்து இறங்க முடியாது. வேகம் சுழியாகும் கணமும் கால்கள் தளத்தைத் தொடும் கணமும் ஒன்றாக வேண்டும். இன்ஜின் சற்று முந்திப் பற்றினால் பூஸ்டர் தளத்துக்கு மேலேயே நின்று மறுபடி எழும்பப் பார்க்கும்; பிந்தினால் மோதும். அலையில் ஆடும் ஆளில்லாக் கப்பலின் மீது இதை நூற்றுக்கணக்கான முறை செய்திருக்கிறார்கள். 2015 டிசம்பரில் முதல் பூஸ்டர் தரையில் இறங்கியபோது இது வழக்கமாகிவிடும் என்று எத்தனை பேர் நம்பினார்கள்?

வடமீன்:
தரையிறக்கம் எளிது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 60, 20, 10 என்பவை எல்லாம் நிறுவனத்தின் வாயிலிருந்து வந்த எண்கள். அதே 2020-இல் போட்டி ஏவுதல் நிறுவனமான யுனைடெட் லாஞ்ச் அலையன்ஸின் தலைவராக இருந்த டோரி புரூனோ, பூஸ்டர்கள் சராசரியாகப் பத்து முறையாவது பறந்தால்தான் மறுபயன்பாடு கட்டுப்படியாகும் என்றார். இரண்டு பயணத்தில் சமம், மூன்றில் லாபம் என்று மஸ்க் பதில் சொன்னார். ஒருவர் போட்டியாளர், இன்னொருவர் உரிமையாளர். புதுப்பிக்கும் செலவின் கணக்கு வெளியே வராதவரை இரண்டையும் அப்படியே ஏற்க என்னால் முடியாது.

நேரலையின் அடியில் ஓடும் எண்களைக் கவனித்திருப்பீர்கள். பூஸ்டர் பிரியும்போது வேகம் மணிக்கு 8,000 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். மேலடுக்கு சுற்றுப்பாதையில் நிலைபெறும்போது 27,000-ஐத் தாண்டியிருக்கும். வேகம் மூன்று மடங்குக்குச் சற்று மேல் என்றால் இயக்க ஆற்றல் கிலோவுக்குப் பத்து மடங்குக்கும் மேல். அத்தனையையும் வெப்பமாகக் கழித்துவிட்டு முழுதாகத் திரும்புவதுதான் உண்மையான சோதனை. பூஸ்டர் அந்தத் தேர்வை எழுதவே இல்லை.

தழல்:
சுற்றுப்பாதையிலிருந்து திரும்பி மறுபடி பறந்த கலங்களே இல்லை என்பதுபோல இருவரும் பேசுகிறீர்கள். நாசாவின் விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்) 1981 முதல் 2011 வரை 135 முறை பறந்தது. வடமீன் கேட்கிற அந்தத் தேர்வை எழுதித் தேறிய கலம் அது. பிரதான இன்ஜின்கள் கலத்தோடு திரும்பின, திட எரிபொருள் பூஸ்டர்கள் கடலிலிருந்து மீட்கப்பட்டன, பெரிய வெளித்தொட்டி மட்டும்தான் ஒவ்வொரு முறையும் போனது.

ஆனாலும் மலிவாகவில்லை. ஒரே ஓடம் இரு பயணங்களுக்கு இடையே எடுத்துக்கொண்ட மிகக் குறுகிய இடைவெளி 54 நாள். 1985-இல் அட்லாண்டிஸ் செய்தது. அதற்குப் பிறகு எந்த ஓடமும் அதை முறியடிக்கவில்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வெப்ப ஓடுகள், ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம், ஒவ்வொன்றையும் ஆள் வைத்துப் பரிசோதிக்க வேண்டும். 1986-இல் சேலஞ்சரிலும் 2003-இல் கொலம்பியாவிலும் 14 பேர் உயிர்போனது. மேலடுக்கைத் திருப்பிக் கொண்டுவா என்று கேட்கும்போது, முப்பது ஆண்டுகள் அதைச் செய்துபார்த்த கலத்தின் கணக்கையும் கூடவே வைத்துப் பேச வேண்டும்.

ஸ்பேஸ்எக்ஸின் ஆளேற்றும் கலமான டிராகனையும் மறந்துவிட்டீர்கள். அவற்றில் எண்டெவர் என்ற கலம் 2020 மே மாதம் இரு வீரர்களோடு முதலில் பறந்தது. 2025-க்குள் ஆறு முறை ஆட்களோடு போய்விட்டது. வணிக நிறுவனத்தின் கலம், சுற்றுப்பாதை வேகத்திலிருந்து திரும்பிய கலம், மறுபடி பறந்த கலம். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

வடமீன்:
டிராகன் சிறிய கூடு. குடை விரித்துக் கடலில் விழுகிறது. அதன் பின்பகுதி ஒவ்வொரு முறையும் கழற்றிவிடப்படுகிறது. 2022-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மேய்ச்சல் நிலத்தில் கண்டெடுக்கப்பட்ட துண்டுகள் அப்படிக் கழன்ற ஒரு பகுதியுடையவைதான். ஓடத்தைப் பற்றி நீங்கள் சொன்னது அனைத்தும் என் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது: கடினமான இடம் மேலே இருக்கிறது.

நெடுங்கணக்கன்:
பூஸ்டர் எண்களை எழுதி வைக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிவு வெறும் பொழுதுபோக்கு அல்ல. நிறுவனம் புதுப்பிக்கும் செலவை வெளியிடாது, சரி. ஆனால் ஒரு பூஸ்டர் மார்ச் மாதம் பறந்து ஒன்பதே நாளில் மறுபடி ஏவுதளத்தில் நின்றால், அதற்குள் இன்ஜின்களைக் கழற்றி முழுதாகப் பிரித்துப் பூட்டியிருக்க முடியாது என்பதைக் கணக்குப்பிள்ளை வந்து சொல்ல வேண்டியதில்லை. 2025-இல் அது நடந்தது. ஒரே பூஸ்டர் 30 பயணங்களைத் தாண்டியதும் அதே ஆண்டில்தான். புரூனோ சொன்ன பத்தைப்போல மூன்று மடங்கு. அவர் சொன்னது அத்தனை பூஸ்டர்களுக்குமான சராசரி என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சராசரியைக் கணக்கிட வேண்டுமானாலும் எங்களைப் போன்றவர்கள் வரிசையாக எழுதிவைத்த பட்டியலைத்தான் திறக்க வேண்டும்.

கரி படிந்த பூஸ்டரின் படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்குத் தெரியும்: எந்தப் பகுதி கழுவப்பட்டிருக்கிறது, எந்தக் கால் மாற்றப்பட்டிருக்கிறது, துடுப்புகள் எந்த நிறத்தில் இருக்கின்றன. வெளியே இருப்பவர்களுக்குக் கிடைக்கிற சான்று இதுதான். இதை அலட்சியமாக ஒதுக்கிவிட்டு "கணக்கு வெளியே வரவில்லை" என்பது நியாயமில்லை.

வடமீன்:
உங்கள் பட்டியலை மதிக்கிறேன். அதில் இல்லாத பத்தி எது என்பதுதான் என் கேள்வி.

2024-இல் ஃபால்கன் 9 மூன்று முறை நிறுத்தி வைக்கப்பட்டது. ஜூலையில், முந்நூறுக்கும் மேற்பட்ட தொடர் வெற்றிகளுக்குப் பிறகு, மேலடுக்கில் திரவ ஆக்சிஜன் கசிந்து ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் தாழ்ந்த பாதையில் விடப்பட்டன. ஆகஸ்டில் ஒரு பூஸ்டர் தன் 23-ஆவது பயணத்தை முடித்துக் கப்பலில் இறங்கியதும் தீயோடு சாய்ந்தது. செப்டம்பரில் இரு வீரர்களைக் கொண்டுபோன பயணத்தின் மேலடுக்கு, குறித்த கடற்பகுதிக்கு வெளியே விழுந்தது. மூன்றில் இரண்டு மேலடுக்கினால் வந்தவை. ஆகஸ்ட் மாதம் பூஸ்டர் சாய்ந்த காட்சி எல்லா இடத்திலும் பரவியது. அதனால் எந்தச் சரக்குக்கும் சேதமில்லை. பயணத்தையே கெடுத்தது ஜூலை மாத மேலடுக்கு. அதைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்? 2025 பிப்ரவரியில் போலந்தில் விழுந்த தொட்டித் துண்டுகளும் ஃபால்கன் 9 மேலடுக்குடையவை.

நெடுங்கணக்கன்:
இது எனக்கு உறைக்கிறது. சுற்றுப்பாதையிலிருந்து முறையாக இறக்கப்பட்டதா, எந்தக் கடலில், உயர் பாதையில் விடப்பட்டதா என்று மேலடுக்குக்கு ஒரு பத்தி சேர்த்துவிடுகிறேன். ஆனால் பூஸ்டர் பத்தியை எடுக்க மாட்டேன்.

விண்ணோக்கி:
மேலடுக்கைக் கவனிக்கவே இல்லை என்கிறீர்களே, இரண்டு அடுக்குகளையும் திருப்பிக் கொண்டுவர ஸ்பேஸ்எக்ஸ் சோதித்துவரும் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் நான்காவது சோதனையை யார் பார்த்துக்கொண்டிருந்தது? 2024 ஜூன் 6. கலம் வளிமண்டலத்தில் நுழைந்து செந்நிறப் பிளாஸ்மா சூழ்ந்தபோது, ஒரு மடிப்புச் சிறகின் கீல் ஓரத்தில் உலோகம் உருகித் துளை விழுவதை நேரலையிலேயே கண்டோம். துண்டுகள் பறந்துவந்து கேமராவின் கண்ணாடியை விரிசலாக்கின. விரிசலுக்கு ஊடே பார்த்தால் பாதி தின்னப்பட்ட அந்தச் சிறகு இன்னும் கட்டளைக்குத் திரும்புகிறது. கலம் கவிழாமல் நிமிர்ந்து இந்தியப் பெருங்கடலில் மெல்ல இறங்கியது. ஓடத்தின் காலத்தில் வளிமண்டல நுழைவின்போது ஓடுகளுக்கு நேர்ந்த சேதத்தைக் கலம் திரும்பிய பிறகுதான் ஆராய முடிந்தது. இப்போது வெப்பக் கவசம் தோற்கிற அந்த நொடியையே உலகம் முழுவதும் பார்க்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டார்ஷிப்பின் 33 இன்ஜின் கொண்ட பூஸ்டரை ஏவுகோபுரத்தின் கைகள் பிடித்தன. அன்று எல்லாரும் பிடித்ததைப் பேசினார்கள் என்பது உண்மை. ஆனால் நான்காவது சோதனையை மறந்தவர் யாருமில்லை.

தழல்:
அழகான காட்சி என்பதில் ஐயமில்லை, விண்ணோக்கி. எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்தது. 2025 ஜனவரி 16 அன்று ஏழாவது சோதனையில் கலம் வெடித்துச் சிதறியது. கரீபியன் வானில் தீக்கோடுகள் ஓடின. டர்க்ஸ் மற்றும் கேகோஸ் தீவுகளின் கரையில் துண்டுகள் ஒதுங்கின. பயணிகள் விமானங்கள் திருப்பிவிடப்பட்டன, சில வானில் காத்திருந்தன. அன்றைக்கு நம் ஆர்வலர்கள் பகிர்ந்தது "எத்தனை அழகு" என்ற சொற்களோடு அந்தத் தீக்கோடுகளின் காணொளிகளை. விமானத்தில் எரிபொருள் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்த விமானியின் இடத்தில் இருந்து யாரும் எழுதவில்லை. மார்ச்சில் அடுத்த சோதனையிலும் அதே வானில் அதே கதை நடந்தது. சோதனையில் தோல்வி வரும், அதை ஒப்புக்கொள்கிறேன். அதன் சுமையை யார் தலையில் வைக்கிறோம் என்பதையும் ஆர்வலன் கேட்க வேண்டும்.

விண்ணோக்கி:
ஆபத்துப் பகுதியை விரிவாக வரையறுக்க வேண்டும், விமானங்களுக்கு முன்கூட்டியே வழி மாற்ற வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் பறக்கவிட்டு உடைத்துக் கற்கும் முறையையே தவறு என்றால் ஏற்க மாட்டேன். இதே முறையில்தான் ஃபால்கன் 9 இறங்கக் கற்றது. 2015-இல் கப்பல் மேல் விழுந்து நொறுங்கியவற்றை நாம் பார்த்திருக்கிறோம்.

தழல்:
அவை ஆளில்லாக் கப்பலின் மேல் நொறுங்கின. சரக்கு அதற்கு முன்பே தன் வழியில் போய்விட்டது. ஏழாவது சோதனையோடு அதை ஒப்பிட முடியாது. வேறு வழியே இல்லை என்பதும் சரியல்ல: ப்ளூ ஆரிஜின் நிறுவனத்தின் நியூ க்ளென் ராக்கெட் பல ஆண்டுகள் தாமதமாக வந்தது, ஆனால் 2025 ஜனவரியில் முதல் பயணத்திலேயே சுற்றுப்பாதையை அடைந்தது. நவம்பரில் இரண்டாவது பயணத்தில், செவ்வாய்க்கான இரு கலங்களை அனுப்பிவிட்டு, பூஸ்டர் கப்பலில் இறங்கியது.

விண்ணோக்கி:
நியூ க்ளென்னின் மேலடுக்கும் ஒருமுறைதான் பறக்கிறது. மெதுவாகப் போனவர்களும் அந்தக் கடினமான பாதியைத் தொடவில்லை. தொட்டுக்கொண்டிருப்பது ஸ்டார்ஷிப் மட்டும்தான், அடிபடுவதும் அதனால்தான்.

வடமீன்:
அதனால்தான் இப்போதே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். இல்லையென்றால் ஸ்டார்ஷிப்பின் மேற்பகுதியைக் கோபுரத்தின் கைகள் பிடிக்கிற நாளில் "முழு மறுபயன்பாடு நிறைவேறியது" என்று எழுதிவிடுவார்கள். 2025 முடியும்வரை ஸ்டார்ஷிப்பின் பூஸ்டர் மட்டுமே இரண்டாம் முறை பறந்தது. அதன் மேற்பகுதியான மேற்கலம் எதுவும் மறுபடி பறக்கவில்லை. என் அளவுகோல்: அதே கலம், பெரும்பாலும் அதே ஓடுகள், சரக்கோடு இரண்டாவது சுற்றுப்பாதைப் பயணம். இடைவெளி 54 நாளுக்குள்.

விண்ணோக்கி:
முதல் மறுபயணத்துக்கே 54 நாள் என்பது அநியாயம். ஃபால்கன் 9-இன் முதல் மறுபயணத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது: 2016 ஏப்ரலில் கப்பலில் இறங்கிய பூஸ்டர் 2017 மார்ச்சில்தான் மறுபடி எழுந்தது. ஓடுகளைப் பற்றிய நிபந்தனையை ஏற்கிறேன், நாள் கணக்கை ஏற்க மாட்டேன்.

நெடுங்கணக்கன்:
இரண்டையும் தனித்தனிப் பத்திகளாக வைக்கிறேன்: மேற்கலம் மறுபடி பறந்த தேதி ஒன்று, இடைவெளி நாட்கள் இன்னொன்று. மாற்றப்பட்ட ஓடுகளைப் படங்களிலிருந்து எண்ண முடியும் என்று நினைக்கிறேன். ஏறத்தாழ 18,000 ஓடுகள் என்பதால் ஒருவரால் ஆகாது. கலத்தின் இடப்பக்கத்தைத் தழல் எடுத்துக்கொள்கிறாரா?

தழல்:
எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சோதனைக்கும் திருப்பிவிடப்பட்ட விமானங்களின் பத்தியையும் சேருங்கள்.