பவர் சப்ளைக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

திருச்சி, செவ்வாய் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பாலிடெக்னிக்கில் வரைகலை வேலைக்கும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குமாகப் புது ஆய்வகம் வருகிறது. 12 மேசைக் கணினிகளையும் மாணவர்களே பூட்டப்போகிறார்கள். பட்டியல் போடும்போது செயலிக்கும் வரைகலை அட்டைக்கும் மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள், கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளை வந்ததும் "ஏதாவது ஒண்ணு போட்டுக்கலாம் மிஸ்" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் அந்தப் பெட்டிக்கென்றே எட்டுப் பக்கக் கையேடு எழுதினேன். வெள்ளி காலை அச்சகம். சொல் முடிவாகாததால் 41 இடத்தில் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன்.

மாதிரிக்கு ஒரு பத்தி:

"என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5090 அட்டை மட்டுமே 575 வாட் வரை இழுக்கும். கோர் ஐ9-14900கே செயலி உச்சத்தில் 253. தாய்ப்பலகை, நினைவகம், வட்டு, விசிறி எல்லாவற்றுக்கும் 100 வைத்தால் மொத்தம் 928. இந்த அட்டைக்கு என்விடியாவே 1000 வாட் * கேட்கிறது. நாம் 1200 வாட் உயர்திறன் * வாங்குவோம்."

மின்வழங்கி, மின்னூட்டி, மின்னளிப்பான் என்று மூன்று கையில் இருக்கின்றன. எது?

சிங்கப்பூர், புதன் காலை

மின்வழங்கி வேண்டாம் தங்கச்சி. நாங்கள் மென்பொருள் தமிழாக்கத்தில் சர்வருக்கு 'வழங்கி' என்று போட்டுப் பல வருடம் ஆயிற்று. நாளைக்கு நீங்களே சர்வர் பற்றி எழுதினால் "வழங்கியின் மின்வழங்கி பழுது" என்று வரும். சேவையகம் என்று மாற்றச் சொல்லித் தஞ்சாவூர்ப் புலவர் ஐயா உடனே எழுதுவார். மாற்ற முடியாது ஐயா, மென்பொருள் திரையில் வரும் அத்தனை வாசகங்களையும் யார் திரும்பத் திறப்பது?

மின்னூட்டி அதைவிட ஆபத்து. ஃபோன் சார்ஜரைத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். இயற்பியலில் மின்னூட்டம் வேறு இருக்கிறது. என் வாக்கு மின்னளிப்பானுக்கு.

தஞ்சாவூர், புதன் நண்பகல்

அன்புடையீர்,

சேவையகம் பற்றி எழுதப்போவதில்லை. சிங்கை அன்பருக்கு ஏமாற்றம்தான்.

'அளி' என்பது வெறும் கொடுத்தல் அன்று. தண்ணளி என்கிறோம், அன்பும் இரக்கமும் கலந்த சொல். கணினிப் பெட்டியின் மூலையில் விசிறி சுழற்றிக்கொண்டிருக்கும் தகரப் பெட்டிக்கு என்ன இரக்கம்?

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்ததைக் குழுவில் எல்லாரும் அறிவீர்கள். இழிந்தோன் 'ஈ' என்று கேட்பான், ஒத்தோன் 'தா' என்பான், உயர்ந்தோன் 'கொடு' என்பான். மூன்றும் கேட்பவன் சொற்கள். ஆகவே நாம் முதலில் தீர்க்க வேண்டியது, இந்தப் பெட்டியிடம் மின்சாரம் கேட்பது யார், அவர் பெட்டிக்கு மேலா கீழா என்பது. தாய்ப்பலகை ஏவித்தான் பெட்டி கண் திறக்கிறது என்று கேள்விப்படுகிறேன். அப்படியானால் அது 'கொடு' என்கிறது. சொல் மின்கொடுப்பி. சுருக்கினால் மின்கொடி ஆகிவிடும். அது புலவர்கள் இடை சிறுத்த பெண்ணுக்கு வைத்த பெயர். எனவே சுருக்க வேண்டாம்.

வழங்குதலுக்கும் பழைய பொருள் ஒன்று உண்டு: உலாவுதல். புலி வழங்கும் காடு என்றால் புலி தானம் செய்யும் காடு அன்று. மின்வழங்கி என்றால் மின் உலாவும் இடம் என்றும் கொள்ளலாம். அதனால் அதையும் நான் மறுக்கவில்லை.

சென்னை ரிச்சி தெரு, புதன் இரவு

ஐயா வணக்கம். இருபது வருஷமா இந்தத் தெருவுல சர்வீஸ் பாக்குறேன். பவர் சப்ளைன்னுகூட எவனும் கேக்கறதில்ல. எஸ்.எம்.பி.எஸ். தான், ஸ்விட்ச் மோட் பவர் சப்ளைங்கறதோட சுருக்கம். மிஸ்ஸோட பசங்க மின்கொடுப்பி கேட்டு வந்தா அடுத்த கடைக்காரன் டியூப்லைட்டைக் காட்டுவான்.

தாய்ப்பலகை ஏவுதுன்னு ஐயா சொன்னது சரி. பலகைக்குப் போற 24 பின் கனெக்டர்ல பச்சை வயர் ஒண்ணு இருக்கும். பலகை அதைக் கறுப்போட சேத்தாதான் பெட்டி ஓடும். பலகையே இல்லாம, ரெண்டையும் ஒரு ஜெம் கிளிப்பால இணைச்சுத்தான் நாங்க சோதிப்போம். விசிறி சுத்துச்சுன்னா பெட்டிக்கு உயிர் இருக்குன்னு தெரியும். நல்லாருக்குன்னு அர்த்தமில்ல.

ஆனா பெட்டி குடுக்குதுன்னு சொல்றதே பாதி உண்மைதான். சுவத்துல வர்ற 230 வோல்ட்டை முதல்ல ஒரு திசையாக்குது, 400 வோல்ட் கிட்ட ஏத்திப் பெரிய கெபாசிட்டர்ல வைக்குது, அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை நறுக்கிச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியா இறக்கி, 12 வோல்ட்டா சீராக்கித் தருது. நல்லதும் கெட்டதும் நறுக்கறதுலயும் சீராக்கறதுலயும்தான். 12 வோல்ட்ல கூடக்குறைய சுமார் 5 சதவீதம் வரை விடலாம். அதுக்கு மேல ஆடுச்சுன்னா கேம் நடுவுல திரை கறுத்துடும், ஆளு ரேமை மாத்திக்கிட்டே இருப்பான்.

இன்னொண்ணு, தாங்கணும். பெரிய அட்டை சராசரியா 500 இழுத்தாலும் கண்ணிமைக்கிறதுக்குள்ள ரெண்டு மடங்கு துள்ளும். அதனாலதான் 2022ல வந்த ஏ.டி.எக்ஸ். 3.0ங்கற பவர் சப்ளை விதி, பெரிய பெட்டிங்க 100 மைக்ரோ செகண்டுக்கு 200 சதவீதம் வரை தாங்கணும்னு சொல்லுது. பழைய 1000 வாட்டும் புது 1000 வாட்டும் ஒண்ணில்லன்னு பசங்களுக்கு எழுதுங்க மிஸ்.

கேபிளைப் பத்தியும் ஒரு வரி போடுங்க. கழட்டி மாட்ற கேபிள் எல்லாக் கம்பெனிக்கும் ஒண்ணு மாதிரியே இருக்கும். பெட்டி பக்கத்து முனைக்குப் பொது விதி கிடையாது. ஒரு தடவை டிராயர்ல கிடந்த வேற பெட்டியோட கேபிளைச் சொருகிட்டேன். நல்லா உள்ள போச்சு. ஆன் பண்ணதும் ஹார்ட் டிஸ்க்லேருந்து நூல் மாதிரி புகை. ஒரு கல்யாண ஃபோட்டோகிராபரோட டிஸ்க். அந்த ஆள் முகம் இன்னும் கண்ணுல நிக்குது.

தஞ்சாவூர், புதன் இரவு

தாங்க வேண்டும் என்றாரே தம்பி! அப்படியானால் மின்தாங்கி?

யாழ்ப்பாணம், வியாழன் அதிகாலை

தாங்கி வேண்டாம் ஐயா. எங்கள் ஊரில் தாங்கி என்றால் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கி.

எனக்கு நட்சத்திரத்தைவிட அதற்கு முன்னால் நிற்கும் 'உயர்திறன்' தான் உறுத்துகிறது. தங்கையின் கையேட்டுக்குத் தலைப்பில் 'உயர்திறன் கணினி' என்று இருக்குமென நினைக்கிறேன். அங்கே திறன் என்றால் வேகம், செயல்வல்லமை. தமிழ்நாட்டுப் பாடநூலில் வாட்டில் அளப்பதும் திறன்தான். பிறகு, மின்சாரம் வீணாகாமைக்குப் பயனுறுதிறன். ஒரே சொல்லை மூன்று வேலைக்கு விட்டால், "உயர்திறன் *" என்று படிக்கிற பிள்ளை எதை வாங்கும்? வாட் கூடியதையா, மின்சாரத்தை வீணாக்காததையா?

இது வெறும் சொற்சண்டை அல்ல. கடையில் நடக்கிற தவறும் இதுதான். மின்சாரம் வீணாகாமைக்குத் தரும் 80 பிளஸ் தங்கம் என்ற முத்திரையை அட்டைப்பெட்டியில் கண்டதும் சனம் அதைப் 'பெரியது' என்றோ 'உறுதியானது' என்றோ எடுத்துக்கொள்கிறது. தங்கம் சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: 115 வோல்ட் சோதனையில் 20 சதவீதச் சுமையில் 87, பாதிச் சுமையில் 90, முழுச் சுமையில் 87 சதவீதம் பயனாக வெளிவரும். கணினிக்கு 500 வாட் போனால், பாதிச் சுமையில் நிற்கும் 1000 வாட் தங்கப் பெட்டி சுவரிலிருந்து 556 வாட் இழுக்கும். 56 வாட் சூடாகப் போகும். 12 வோல்ட் ஆடாமல் நிற்குமா, துள்ளலைத் தாங்குமா என்பதற்கு அந்த முத்திரை பதில் சொல்லாது. 450 வாட் தங்கமும் இருக்கிறது. அதை வைத்து 5090 ஓட்ட முடியாது.

நாங்கள் வாட்டில் அளப்பதை வலு என்போம், வீணாகாமையை வினைத்திறன் என்போம். குழப்பம் இல்லை. ஆகவே: வலுவழங்கி. பிள்ளைகளுக்கு ஆடலோட்டம், நேரோட்டம் என்ற எங்கள் சொற்களையும் கொடுத்துப் பாருங்கள். மாறுதிசை மின்னோட்டம், நேர்திசை மின்னோட்டம் என்று மூச்சு வாங்கத் தேவையில்லை.

சிங்கப்பூர், வியாழன் காலை

ஆடலோட்டம் அழகு, கொள்ளை அழகு. ஆனால் திருச்சியில் "வலுவான வலுவழங்கி வேண்டும்" என்று எழுதினால் சிரிப்பார்களே அண்ணா.

எஸ்.எம்.பி.எஸ். என்பதையே ஒருவரும் பெயர்க்கவில்லையே! நறுக்குவது ஸ்விட்ச் முறையில். யாழ்ப்பாணத்தில் ஸ்விட்சுக்கு ஆளி. ஆளிமுறை மின்னளிப்பான் என்றால்?

தஞ்சாவூர், வியாழன் காலை

ஆளி! யானையின் மத்தகத்தைப் பிளக்கும் விலங்கல்லவா? கோயில் தூணில் யாளி என்று நிற்கிறது. மின்சாரத்தை ஆள்வதால் ஆளி என்றார்களா, விலங்கை நினைத்து வைத்தார்களா என்று யாழ்ப்பாணத்து அன்பர் விளக்கினால் நன்று. ஆளியின் பல் இரண்டும் பளீரென்று மின்னுவதால்...

(மீதி நான்கு பத்திகளையும் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். ஐயா மன்னிக்கவும், வெள்ளி நெருங்குகிறது. மட்டுறுத்துநர்)

திருச்சி, வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. இன்று மதியம் ஒரு காரியம் செய்தேன். ஆய்வக மேசையில் பிரித்துப் போட்ட கணினியின் பாகங்கள், ஒரு யு.பி.எஸ்., ஃபோன் சார்ஜர், பழைய மடிக்கணினியின் கறுப்பு அடாப்டர் எல்லாவற்றையும் பரப்பி, சொல்லை மட்டும் கரும்பலகையில் எழுதி எடுத்து வரச் சொன்னேன்.

மின்னூட்டிக்கு எல்லாரும் சார்ஜரைத் தொட்டார்கள். மின்னளிப்பானுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. மின்வழங்கிக்கு ஒரு பாதி யு.பி.எஸ்ஸைக் காட்டியது, 'தடையில்லா மின்வழங்கி' பழகிய காதுகள். மறு பாதி சரியான பெட்டியைக் காட்டியது. வலுவழங்கி எழுதியதும் ஒருவன் விசிறியைத் தூக்கி வந்தான், ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, "எஸ்.எம்.பி.எஸ்ஸையா மிஸ் இவ்வளவு நேரமா கேக்குறீங்க?" என்றாள்.

ஆக மின்வழங்கி என்றே போடுகிறேன். பிடித்துப் போடவில்லை, பாதிப் பேருக்காவது புரிகிறது. முதல் பக்கத்தில் "கடையில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேளுங்கள்" என்று கட்டம் கட்டி ஒரு வரி. தடையில்லாதது வேறு, இது வேறு என்று படம். யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னது சுட்டது. 'உயர்திறன்' எல்லா இடத்திலும் போயிற்று. வாட் என்று வரும் இடத்தில் வாட் அளவு, வீணாகாமைக்குப் பயனுறுதிறன். தலைப்பை 'கனமான வேலைக்கான கணினி' என்று மாற்றிவிட்டேன். அழகில்லை, தெரியும். சிங்கை அண்ணனிடம் மெய்ப்புக்கு அனுப்பியிருக்கிறேன்.

யாழ்ப்பாணம், வெள்ளி காலை

மகிழ்ச்சி. ஆனால் என் மறுப்பைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். வழங்குவது மின் அல்ல, வலு. சுவரிலேயே மின் இருக்கிறது.

தஞ்சாவூர், வெள்ளி காலை

மின்கொடுப்பியை நான் திரும்பப் பெறவில்லை.

ரிச்சி தெரு, அடுத்த திங்கள்

மிஸ், கையேடு தபால்ல வந்துச்சு. மின்வழங்கி நல்லாத்தான் இருக்கு. கட்டம் கட்டுன வரியைக் கடையில ஒட்டி வச்சிருக்கேன்.

7ஆம் பக்கத்துல ஒரு சந்தேகம். வரைகலை அட்டைக்குப் போற 16 பின் கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு ஆறு பின்தான், 575 வாட் போனா 48 ஆம்பியர் கிட்ட, பின்னுக்கு 8 வருது, அரைகுறையா சொருகினா உருகிடும், அதனால "டக்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்து"ன்னு நான் எழுதிக் குடுத்திருந்தேன். இப்ப அதுல "சொடுக்கொலி எழும்வரை அழுத்துக" ன்னு இருக்கு. நேத்து ஒரு பையன் கையேட்டைக் கையில வச்சுக்கிட்டே "அண்ணே, சொடுக்கொலி எந்தக் கடையில கிடைக்கும்?"னு கேட்டான்.

சிங்கை அண்ணனா? அடுத்த அச்சுல டக் டக்காவே இருக்கட்டும்.