தாராவியில் தமிழில் பேசிச் சமரசம் செய்துவைக்க ஆள் தெரியுமா?

வணக்கம் உறவுகளே. தண்ணீர்க் குழாயடித் தகராறில் பக்கத்து வீட்டுப் பையன் என் தம்பியின் கை எலும்பை முறித்துவிட்டான். கேஸ் கோர்ட்டில் இருக்கிறது. அவனுக்கு 19 வயதுதான். ஜெயிலுக்குப் போனால் வாழ்க்கையே போச்சு.

தம்பி மன்னிக்கத் தயார். ஆனால் வெறும் கையெழுத்தில் முடிகிற ராஜி வேண்டாம் என்கிறான். அந்தப் பையன் எதிரில் உட்கார வேண்டும், இட்லிப் பாத்திரத்தைக்கூட இந்தக் கையால் இன்னும் தூக்க முடியவில்லை என்பதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்கிறான். நியாயம்தானே?

பிஎன்எஸ்எஸ் என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 359ஆம் பிரிவுப்படி கோர்ட் அனுமதியோடு இதை ராஜி செய்யலாம். ராஜியானால் விடுதலை ஆனதற்குச் சமம். அதனால் பேச்சு அதற்கு முன்பே நடக்க வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற உதவி எண்ணில் கேட்கப்போகிறோம். இரண்டு வீட்டு அம்மாக்களுக்கும் மராத்தி, இந்தி அவ்வளவாக வராது. எந்தப் பக்கமும் சாயாமல், தமிழில் நிதானமாகப் பேசவைக்கத் தெரிந்தவர் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.