ஏற்றம் ஏறி நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகாத அம்பாசடர்: எங்கிருந்து தேடுவது?

கம்பம்_ஏலக்காய்:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1978 மார்க் 3 அம்பாசடர் இருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், எஸ்.யூ. கார்புரேட்டர், பொறிக்கான கரண்டை விட்டு வெட்டும் பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். காலையில் சோக்கை இழுத்து ஒரு முறை செல்ஃப் அடித்தால் போதும், பிடித்துக்கொள்ளும். புற்றடி ஏலக்காய் ஏலத்துக்கு இந்த வண்டியில்தான் போய்வருகிறேன். லோயர் கேம்ப் தாண்டி மின் நிலையத்தின் ராட்சதக் குழாய்களை ஒட்டி ஏறும்போதும் இழுவையில் குறை கிடையாது. டெம்பரேச்சர் முள்ளும் ஒழுங்காகவே நிற்கிறது.

தொல்லை குமுளியில் ஆரம்பிக்கிறது. சோதனைச் சாவடி வரிசையில் பத்து நிமிடம் அணைத்து வைத்தால், அதன் பிறகு செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பற்றுவதில்லை. அங்கே குளிர்ந்த காற்றுதான் அடிக்கிறது, ஆனாலும் இப்படி. அரை மணி நேரம் விட்டால் எதுவும் நடக்காததுபோல் கிளம்புகிறது. சில நாட்களில் இந்தச் சிக்கலே வருவதில்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை. கார்புரேட்டர் கிட், பெட்ரோல் பம்ப் இரண்டையும் மாற்றியாயிற்று. பிளக்குக்குப் பொறி தரும் காயிலும் போன கோடையில் ஒரு பட்டறையில் போட்ட புதியது, அதனால் அதில் சந்தேகம் இல்லை. வேறு எதைப் பார்ப்பது?

தென்மலை_வழி:
இது ஏர் லாக் தம்பி, சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு ஏறும் பழைய டிரைவர்கள் எல்லோரும் வண்டியில் ஒரு துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்திருப்பார்கள். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றுங்கள், கிளம்பிவிடும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்கள் அதற்குத் தாங்குவதில்லை, அவற்றையும் பாருங்கள்.

பாலக்காட்டு_பத்மினி:
எனக்கு இதே தொல்லை வாளையாரில் வந்தது. பம்ப் காரணமில்லை, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதித்து இன்ஜினுக்குள் வழிந்துகொண்டிருந்தது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே சூட்டைத் தடுக்க உள்ள பேக்கலைட் துண்டு உங்கள் வண்டியில் இருக்கிறதா? பல பட்டறைகளில் அதைக் கழற்றிவிட்டு வெறும் பேப்பர் கேஸ்கட்டை வைத்து முறுக்கிவிடுகிறார்கள்.

மலையடிப்_பட்டறை:
தம்பி, இனி ஒரு பாகம்கூட வாங்காதீர்கள். உங்கள் வண்டி என்ன சொல்கிறது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஈரத் துணியை நான் குறை சொல்லவில்லை, ஏர் லாக் மெய்யாகவே வரும். ஆனால் துணியைப் போட்டவர் அடுத்து என்ன செய்கிறார்? டீ குடிக்கப் போகிறார். திரும்பி வரும்போது இருபது நிமிடம் ஆகியிருக்கும். வண்டியைக் கிளப்பியது துணியா, இருபது நிமிடமா? அதற்குள் பம்ப், கார்புரேட்டர், காயில், பாயிண்டோடு சேர்ந்த கண்டென்சர் எல்லாமே ஆறியிருக்கும். ஆறிய வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் எந்த மெக்கானிக்கும் ஊகம்தான் சொல்ல முடியும். வண்டி மறுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் பார்ப்பதுதான் பார்வை.

முதலில் கரண்ட். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் போகும் தடித்த வயரை மூடியிலிருந்து பிடுங்கி, ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் பிடித்து, அதன் முனையை இன்ஜின் பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி வையுங்கள். கார்புரேட்டர் பக்கம் வேண்டாம், பெட்ரோல் ஆவி இருக்கும். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாக, சடசடவென்று சத்தத்தோடு பாய்ந்தால் காயிலும் கண்டென்சரும் நலம். மஞ்சளாக, நூல்போல மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் பெட்ரோலைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்தது ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஸ்.யூ. கார்புரேட்டரின் பிஸ்டனை விரலால் தூக்கிப் பாருங்கள். அடியில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் தெரியும். பெட்ரோல் ஜெட்டைத் தாண்டித் ததும்பி வழிந்தால் பத்மினி நண்பர் சொன்னதுதான். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், ஒன்றின் தலைமேல் மற்றொன்று. அணைத்த பிறகு ஃபேன் காற்றும் நின்று, கீழே உள்ள சூடு முழுவதும் மேலே ஏறும். ஜெட் வறண்டிருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று பொருள், அப்போது ஏர் லாக்கைப் பேசலாம். பிளக்கை மட்டும் கழற்றிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கரண்ட் மெலிந்தாலும் எரியாத பெட்ரோலால் பிளக் நனைந்துதான் இருக்கும்.

தண்ணீரைக் கண்டபடி ஊற்ற வேண்டாம். கொதிக்கும் மேனிஃபோல்டில் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

இரண்டு கேள்விகள். சாவடியில் நிற்கும்போது சாவியை முழுவதும் அணைத்து வைப்பீர்களா? அந்தப் புதிய காயிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

கம்பம்_ஏலக்காய்:
அண்ணா, நேற்றுக் குமுளியில் மறுபடி மறுத்தது. நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். மஞ்சள் பொறிதான், அதுவும் விட்டுவிட்டு. ஜெட்டில் பெட்ரோல் சரியான மட்டத்தில் நின்றது, வழியவில்லை. பேக்கலைட் துண்டும் இருக்கிறது. காயிலைத் தொட்டேன், விரலை வைக்க முடியவில்லை.

டேஷ்போர்டில் ஒரு சிறு ஃபேன் வைத்திருக்கிறேன். அது ஓட வேண்டும் என்பதற்காக, இன்ஜினை அணைத்த பிறகு சாவியை மறுபடி ஆனில் வைப்பேன். காயிலின் மேல் எழுத்து அழிந்திருக்கிறது. 'ரெசிஸ்டருடன்' என்பதுபோல் ஏதோ தெரிகிறது.

மலையடிப்_பட்டறை:
அப்படியானால் ஏறக்குறைய பிடித்துவிட்டோம். ஆறிய பிறகு காயிலின் இரண்டு சிறு முனை வயர்களையும் கழற்றி, அவற்றுக்கிடையே மல்டிமீட்டரை வைத்து அளவு சொல்லுங்கள்.

கம்பம்_ஏலக்காய்:
1.6 ஓம் காட்டுகிறது.

மலையடிப்_பட்டறை:
உங்கள் வண்டிக்கு வேண்டியது ஏறத்தாழ 3 ஓம் காயில். உங்களுடையதுபோன்ற 1.5 ஓம் காயில், கரண்டைக் குறைக்க வெளியே தனி ரெசிஸ்டர் பொருத்திய வண்டிகளுக்கானது. ரெசிஸ்டர் இல்லாமல் அதைப் போட்டால் 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர் போகும். இன்ஜின் நின்று, பாயிண்ட் மூடியிருக்கும்போது சாவி ஆனில் இருந்தால் கிட்டத்தட்ட நூறு வாட் சூடு அந்தச் சின்ன டப்பாவுக்குள் இடைவிடாமல் இறங்குகிறது.

சில நாட்களில் தொல்லை வராததற்கும் காரணம் இதுவே. இன்ஜின் நிற்கும்போது பாயிண்ட் திறந்திருந்தால் காயிலுக்குக் கரண்ட் போகாது, சூடும் ஏறாது. மூடிய நிலையில் நின்றால் வேகும். நான்கு சிலிண்டர் டிஸ்ட்ரிபியூட்டரில் சுற்றின் மூன்றில் இரண்டு பங்கு பாயிண்ட் மூடியே இருக்கும், அதனால்தான் நல்ல நாட்கள் குறைவு. ஓடும்போது குறை தெரியாததற்கும் விளக்கம் உண்டு. அப்போது 14 வோல்ட் கிடைக்கிறது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி பத்து வோல்ட்டுக்கு இறங்கிவிடும், வெந்த காயிலால் அதை வைத்துக்கொண்டு நல்ல பொறி தர முடியாது.

கம்பம்_ஏலக்காய்:
இதே காயிலோடு ஒரு ரெசிஸ்டர் சேர்த்தால் போதுமா அண்ணா?

மலையடிப்_பட்டறை:
ஓடும், ஆனால் இவ்வளவு வெந்த காயிலை நான் நம்ப மாட்டேன். 3 ஓம் காயிலே போடுங்கள், கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து வாங்குங்கள். கண்டென்சரையும் கூடவே மாற்றுங்கள், விலை குறைவு. பாயிண்ட் முகம் கருகியிருந்தால் புதியது போட்டு, இடைவெளி 0.38 மி.மீ. வையுங்கள். ஃபேனுக்குப் பேட்டரியிலிருந்து தனி வயர், நடுவே ஒரு ஃபியூஸ். இத்தனைக்குப் பிறகும் குமுளியில் மறுத்தால் முதலில் பொறியின் நிறத்தைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.