'கொலேட்' என்பதற்கு என் பரிந்துரை: பிரதி பிரதியாக

நண்பர்களுக்குத் திருகோணமலையிலிருந்து வணக்கம்.

மென்பொருளில் அச்சிடக் கொடுத்ததும் திரையில் திறக்கும் அச்சிடும் பெட்டிக்கான தமிழ்ச் சொற்கள் அநேகமாக முடிந்துவிட்டன. ஓரம், பக்க அமைப்பு, முன்னோட்டம், அச்சு வரிசை எதிலும் யாருக்கும் மறுப்பில்லை. தாளின் கிடைக்கு 'உருவப்படம்', 'நிலத்தோற்றம்' என்று இருந்ததை எடுத்துவிட்டு 'நெடுக்கு', 'குறுக்கு' என்று போட்டாயிற்று. எஞ்சி நிற்பது 'கொலேட்' (collate) ஒன்றுதான்: பல பிரதி எடுக்கும்போது ஒரு பிரதியின் எல்லாப் பக்கத்தையும் அடித்து முடித்த பிறகே அடுத்த பிரதிக்குப் போகச் சொல்லும் தெரிவு. இதில் நான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது மென்பொருளில் இருக்கும் 'ஒப்பிடு' என்ற சொல்லைப் போட்டவன் நான். அதனால் என்ன நடந்தது என்பதை நேரில் பார்த்தேன்.

நாங்கள் எழுதும் கணக்கு மென்பொருளை உப்புவெளிப் பக்கம் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தில் பயன்படுத்துகிறார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் வரவு செலவு அறிக்கையை அச்சிட்டார்கள். 6 பக்கம், 40 பிரதி, ஆக 240 தாள். செயலாளர் அச்சிடும் பெட்டியைத் திறந்தபோது 'ஒப்பிடு' என்ற தெரிவில் சரி அடையாளம் இருந்தது. போன வருடக் கணக்கோடு ஒப்பிடப் போகிறது என்று நினைத்து அவர் அதை எடுத்துவிட்டார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது. அந்தச் சொல்லைப் படித்தால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பொறி முதலாம் பக்கத்தை 40 தடவை அடித்தது. அப்புறம் இரண்டாம் பக்கத்தை 40 தடவை. நான் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் பாயை விரித்து ஆறு குவியலை வரிசையாக வைத்திருந்தார்கள். கச்சான் காற்று வீசும் காலம். யன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஒவ்வொரு குவியலின் மேலும் வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைப் பாரம் வைத்திருந்தார்கள். நாலைந்து பேர் வேர்க்க வேர்க்கக் குவியல்களைச் சுற்றி வந்து ஒவ்வொன்றிலும் ஒரு தாள் எடுத்து, தட்டி அடுக்கி, பின் அடித்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். பாதியில் பொருளாளர் அக்கா நிமிர்ந்து கேட்டார்: "தம்பி, இதைக் கொப்பி கொப்பியா அடிச்சுத் தரச் சொல்லி மிசினுக்குச் சொல்ல ஏலாதா?"

ஏலும். அந்தத் தெரிவின் வேலையே அதுதான். இரண்டு கிழமையாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த சொல்லும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

முதலில் 'ஒப்பிடு' எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்புக் கோப்பில் சரம், அதாவது திரையில் வரும் எழுத்துத் துண்டு, தனிச் சொல்லாக நிற்கும். எந்தப் பெட்டியில் வருகிறது, பொத்தானா தெரிவா என்று ஒன்றும் தெரியாது. அகராதியைப் பார்த்தால் ஏடுகளை ஒப்புநோக்குதல் என்ற பொருள் முன்னால் நிற்கிறது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் சுவடி சுவடியாக வைத்துப் பாடம் ஒப்பிட்டார்களே, அந்த வேலைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். தரவுத்தளத்தில் எழுத்துகளை எந்த ஒழுங்கில் வரிசைப்படுத்துவது என்பதற்கும் இதன் உறவுச் சொல்தான் வழங்குகிறது. மூன்றும் வேறு வேறு வேலை. ஆங்கிலத்தில் ஒரு சொல் மூன்றையும் சுமக்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரு சொல் சுமக்க வேண்டியதில்லை. நிரலில் ஒவ்வொரு சரத்தோடும் சூழல் குறிப்பு எழுத வசதி உண்டு. இந்தச் சரத்துக்கு அதை எழுதிவிட்டேன்.

சரி, இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம்.

'கோவை' என்று சென்னை நண்பர் சொன்னார். கோத்தல் என்ற வினையிலிருந்து வருவதால் பொருள் அருமையாகப் பொருந்துகிறது. தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பதுதானே இது. ஆனால் எங்கள் பக்கத்தில் கந்தோர்களில் 'கோவை' என்றால் ஃபைல். "என்ர கோவையை எடுங்கோ" என்று பிரதேச செயலகத்தில் கேட்கலாம். சட்டத்திலும் தண்டனைச் சட்டக்கோவை என்று வழங்குகிறது. அச்சிடும் பெட்டியில் 'கோவையாக' என்று இருந்தால், தாளில் அடிக்காமல் கோப்பாகச் சேமிக்கும் தெரிவு என்றுதான் இங்குள்ளவர் நினைப்பார். அந்தத் தெரிவும் அதே பெட்டியில் இரண்டு வரி தள்ளி இருப்பதால் குழப்பம் நிச்சயம். தமிழ்நாட்டு வாசகருக்கோ கோவை என்றதும் முதலில் ஊர்தான் நினைவுக்கு வரும்.

'அடுக்கு' நல்ல சொல். ஆனால் எதை அடுக்குவது? ஒரே பக்கத்தின் 40 தாளும் அடுக்குத்தான், முழு அறிக்கையும் அடுக்குத்தான். வேறுபாடு எங்கே இருக்கிறதோ அங்கேயே இந்தச் சொல் வாய் திறக்கவில்லை. 'ஒருங்கிணை', 'தொகு' இரண்டுக்கும் அதே குறை, அதோடு வேறு இடங்களில் வேறு பொருளுக்கு அவை ஏற்கெனவே வேலை செய்கின்றன. 'பிரதிவாரியாக' என்பது பொருளில் மிக அருகில் வருகிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நீதிமன்றப் பிரதிவாதி காதில் விழுவார்.

என் பரிந்துரை 'பிரதி பிரதியாக'. தெரிவுப் பெட்டியில் முழுதாக, 'பிரதி பிரதியாக அச்சிடு'.

தமிழில் ஒரு பெயரை இரட்டித்து 'ஆக' சேர்த்தால், ஒவ்வொன்றையும் முழுதாக முடித்து அடுத்ததற்குப் போவது என்ற பொருள் தானாகவே வந்துவிடுகிறது. வீடு வீடாகப் போனார்கள், வரி வரியாகப் படித்தாள், கட்டுக் கட்டாக எண்ணினான். இதைக் குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் தனிச் சொல் வைத்துச் சொல்வதைத் தமிழ் இலக்கணம் இரண்டு சொல்லை அடுக்கிச் சொல்லிவிடுகிறது. கலைச்சொல் என்றால் பெயர்ச்சொல்லாகவே இருக்க வேண்டும் என்ற நினைப்பில் நாம் இந்த வசதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று எனக்குப் படுகிறது.

எதிர்ப்பதமும் தானாகக் கிடைக்கிறது: பக்கம் பக்கமாக. 'பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினான்' என்பது போல நிறைய என்ற பொருள் அதற்கும் உண்டு என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். உண்மைதான். ஆனால் இரண்டும் அருகருகே நிற்கும்போது அந்தப் பொருள் எழாது. அதனால்தான் எங்கள் மென்பொருளில் ஒற்றைத் தெரிவை எடுத்துவிட்டு இரண்டில் ஒன்றைத் தேர்வதாக மாற்றினேன். இயங்குதளம் தரும் பொதுப் பெட்டியில் ஒற்றைத் தெரிவுதான் கிடைக்கும் என்றால் 'பிரதி பிரதியாக' தனியே நின்றாலும் புரியும்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. கியூட் (Qt) என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பில், பல பிரதிகளை அச்சுப்பொறி தானே எடுக்குமா என்று கேட்க ஒரு செயற்கூறு இருக்கிறது. எடுக்கும் என்றால் ஆவணத்தை ஒரு தடவை வரைந்து அனுப்பினால் போதும். எடுக்காது என்றால் நம் நிரலே பக்கங்களைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும், இரண்டு சுழற்சி, ஒன்றுக்குள் ஒன்று. வெளியே பிரதி, உள்ளே பக்கம் என்றால் பிரதி பிரதியாக வரும். வெளியே பக்கம், உள்ளே பிரதி என்றால் பக்கம் பக்கமாக வரும். வெளிச் சுழற்சியின் பெயர்தான் தெரிவின் பெயர். நான் இதை எழுதும்போது மாறிகளுக்கும் அதே பெயர்களை வைத்தேன், பிழை பார்ப்பது சுலபமாகிவிட்டது.

அக்கா சொன்ன 'கொப்பி'யை ஏன் அப்படியே எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் இங்கே பள்ளிப் பிள்ளைக்குக் கொப்பி என்றால் எழுதும் கொப்பி. பெட்டியில் மேலே எண்ணிக்கை கேட்கும் இடத்திலும் 'பிரதிகள்' என்றே இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே சொல் வருவது முக்கியம்.

கையேட்டிலும் சொற்பட்டியலிலும் பெயர்ச்சொல் தேவைப்படும் என்பதை ஏற்கிறேன். அதற்குப் 'பிரதிக்கோப்பு' வேண்டாம், கோப்பு என்றாலே ஃபைல் ஆகிவிட்டது. 'பிரதியடுக்கம்' என்று வைக்கலாம். அடுக்குவது எதை என்ற கேள்விக்கு முன்னால் நிற்கும் 'பிரதி' விடை சொல்லிவிடுகிறது. இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்ள எனக்குத் தடையில்லை. திரையில் வரும் சரத்தில்தான் பிடிவாதமாக இருப்பேன்.

திருத்திய பதிப்பைப் போன சனிக்கிழமை சங்கத்தின் கணினியில் நிறுவினேன். செயலாளரிடம் எதுவும் விளக்காமல், கூட்ட அறிக்கையை 3 பிரதி அடிக்கச் சொன்னேன். பெட்டியைத் திறந்தார், இரண்டு தெரிவையும் வாய்க்குள் படித்தார், 'பிரதி பிரதியாக' என்பதில் சொடுக்கினார். தாள்களை எடுத்து நேரே பின் அடிக்கும் கருவியை நீட்டினார்.

ஞாயிறு இரவுக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால் மொழிக்கோப்பில் சேர்த்துவிடுகிறேன். அடுத்த சரம் 'ஸ்பூலர்', அச்சு வேலைகளை வரிசையில் வைத்திருந்து அச்சுப்பொறிக்கு அனுப்பும் நிரல். அதற்கு வந்த மூன்று பரிந்துரைகளையும் நாளை தனியாக அனுப்புகிறேன்.