சென்னை மாநகராட்சியில் 200-க்கு 153: தேர்தல் முறையே ஆளுங்கட்சிக்குச் சாதகமா?

கொரட்டூர்_வாக்காளர்:
2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தலில் 200 வார்டில் திமுக தனியாகவே 153 பிடித்தது. அதிமுகவுக்கு 15. அதற்கு முந்தைய வருஷம் சட்டமன்றத்தில் சென்னையின் 16 தொகுதியும் ஒரே கூட்டணிக்குப் போனது. 2011-ல் பார்த்தால் அதே 16-ல் 14 அதிமுக அணிக்கு. இவ்வளவு ஒருபக்கமாகச் சாய்வது மக்கள் விருப்பமா, முறையின் கோளாறா? கோளாறு என்றால் எந்த இடத்தில்? மெஷின் கதை வேண்டாம். எண்ணும் சட்டமும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

படிவம்_இருபது:
இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது, முதலில் பிரித்துவிடுவோம். அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்கிற முறை, முந்தி வருபவருக்கு அள்ளிக் கொடுக்கும். அவர் ஆள்பவரா இல்லையா என்று பார்க்காது. 1991 சட்டமன்றத் தேர்தலில் திமுக 22 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் 2 இடம்தான்: துறைமுகம், எழும்பூர். இரண்டும் சென்னை. 1996-ல் ஆட்சியில் இருந்த அதிமுக 21 சதவீதம் வாங்கி 4 இடத்தோடு நின்றது. 2014 மக்களவையில் அதிமுக 44 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி 39-ல் 37 எடுத்தது. ஏறக்குறைய 24 சதவீதம் வாங்கிய திமுகவுக்கு ஒன்றுகூட இல்லை.

எப்படி நடக்கிறது என்று ஒரு கற்பனைக் கணக்கு. ஐந்து வார்டு, வார்டுக்குப் 10,000 ஓட்டு. நான்கு வார்டில் 'அ' கட்சி 4,200, 'ஆ' கட்சி 3,800, மற்றவர்கள் 2,000. ஐந்தாவது வார்டில் 'அ' 2,000, 'ஆ' 7,000, மற்றவர்கள் 1,000. மொத்தம் கூட்டுங்கள்: 'அ'வுக்கு 18,800, 'ஆ'வுக்கு 22,200. ஆனால் 'அ' நான்கு வார்டு, 'ஆ' ஒன்று. 'ஆ'வின் ஓட்டு ஒரே வார்டில் குவிந்து வீணாகிறது. எல்லைக் கோட்டை வரைபவர் வேண்டுமென்றே இதைச் செய்ய முடியும். யாரும் செய்யாமல் தானாகவும் நடக்கும்.

சதவீதத்தை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. 2021 சட்டமன்றத்தில் திமுகவின் 133 இடத்தில் 8 பேர் உதயசூரியனில் நின்ற தோழமைக் கட்சியினர். கட்சி சதவீதத்தையும் கூட்டணி இடங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

மன்றம்_பார்ப்பவன்:
மேலே சொன்னது சரி. ஆனால் உள்ளாட்சியில் ஆளுங்கட்சியின் கை தனியாக இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

முதலில் தேதி. அரசியல் சாசனம் 243-யு பிரிவின்படி மன்றத்தின் ஆயுள் ஐந்து வருஷம், அது முடியும் முன்பே தேர்தல் நடந்தாக வேண்டும். 2016 அக்டோபரில் இடஒதுக்கீடு வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அதன்பின் வார்டு மறுவரையறை, மேல்முறையீடு என்று இழுத்து, 2022 வரை சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. தனி அதிகாரி ஆட்சிதான். அந்த அதிகாரியை நியமிப்பது மாநில அரசு. அதாவது, தேர்தல் நடக்காமலேயே கோட்டை மாநகராட்சியை நடத்தலாம். (1973 முதல் 1996 வரையும் சென்னையில் தேர்தல் இல்லை. அப்போது நகர உள்ளாட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கிய 74-வது அரசியல் சாசனத் திருத்தம் வந்திருக்கவில்லை என்ற சாக்கு 1993 வரைக்குமாவது இருந்தது.)

அடுத்தது மேயர். 1996, 2001-ல் நேரடித் தேர்தல். 2006-ல் மறைமுகம், அதாவது கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுப்பது. 2011-ல் நேரடி. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறைமுகம், 2022-ல் அப்படியே நடந்தது. இரண்டு கழகமும் மாற்றியிருக்கின்றன. மறைமுகம் என்றால் வார்டில் கிடைக்கும் அந்த அள்ளிக்கொடுப்பு அப்படியே மேயர் நாற்காலிக்கும் போய்ச் சேரும். நேரடி என்றால் நகரம் முழுக்க ஒரே எண்ணிக்கை. வார்டு எல்லைக்கு அங்கே வேலையே இல்லை. எந்த முறை நல்லது என்பதைவிட, தேர்தல் நெருங்கும்போது அதை மாற்றும் அதிகாரம் போட்டியிடும் கட்சியின் கையில் இருப்பதுதான் குற்றம்.

மாநிலத் தேர்தல் ஆணையரும் 243-கே பிரிவின்படி ஆளுநர் நியமனம், அதாவது நடைமுறையில் மாநில அரசின் தேர்வு. பதவியில் உட்கார்ந்த பிறகு உயர் நீதிமன்ற நீதிபதிக்கு உள்ள பாதுகாப்பு அவருக்கு உண்டு. ஆனால் தேர்வில் எதிர்க்கட்சிக்கு இடமில்லை. அரசுப் பதவியில் இருப்பவரிடம் இந்தப் பொறுப்பைக் கூடுதலாகத் தரக் கூடாது என்று 2021 மார்ச்சில் கோவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுக்காவது ஒரு வேலி இருக்கிறது.

அடையாறு_கரை:
விகிதாசாரம் (ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ப இடம்) வந்தால் தீரும் என்பவர்களுக்காக ஒரு கணக்கு. சென்னையின் 16 இடத்தையும் ஒரே தொகுதியாக வைத்து, நான்கு கட்சி 48, 32, 12, 8 சதவீதம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். டி ஹாண்ட் முறையில் ஒவ்வொரு கட்சியின் ஓட்டையும் 1, 2, 3 என்று வகுத்துக்கொண்டே போய், வரும் ஈவுகளில் பெரிய 16-க்கு இடம் தருவார்கள். விடை 8, 5, 2, 1. ஆனால் பல உறுப்பினர் தொகுதி என்பது மட்டும் போதாது. சிங்கப்பூரில் குழுத்தொகுதி இருக்கிறது. முந்தும் அணிக்கு அந்தத் தொகுதியின் அத்தனை இடமும். 2020-ல் ஆளும் மக்கள் செயல் கட்சி 61 சதவீதம் வாங்கி 93-ல் 83 எடுத்தது. பங்கிடும் விதிதான் முக்கியம்.

கொரட்டூர்_வாக்காளர்:
நன்றி. 2022-ல் எல்லை காரணமா என்று நாமே சோதிக்க முடியுமா?

படிவம்_இருபது:
முடியும். மாநிலத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் வார்டுவாரி முடிவை எடுத்து ஒரு தாளில் போடுங்கள்: வார்டு எண், மொத்த வாக்காளர், முதலிடம், இரண்டாமிடம், வித்தியாசம். தோற்ற கட்சி ஜெயித்த சில வார்டுகளில் வித்தியாசம் மலைபோலவும், ஜெயித்த கட்சிக்குப் பல வார்டில் நூலிழையாகவும் இருந்தால் கோட்டின் மீது சந்தேகப்படலாம். ஜெயித்தவருக்கும் பெரிய வித்தியாசம் என்றால் காரணம் வேறு. 2022-ல் அதிமுக, பாஜக, பாமக தனித்தனியாக நின்றன. இரண்டாமிடத்தையும் மூன்றாமிடத்தையும் கூட்டிப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

பலரும் சறுக்குவது வாக்காளர் எண்ணிக்கையில். சுமார் 61 லட்சத்தை 200-ஆல் வகுத்து, முப்பதாயிரத்துக்கு மேல் உள்ள வார்டெல்லாம் சதி என்று எழுதுவார்கள். வார்டு வரைந்தது 2011 மக்கள்தொகையை வைத்து. பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் அதற்குப் பிறகு எவ்வளவு வீடு வந்தது என்று தெரியும். முதலில் 2011 தொகையோடு ஒப்பிடுங்கள். அதிலேயே கோணல் தெரிந்தால், அடுத்த மறுவரையறையின் வரைவு வரும்போது ஆட்சேபம் கொடுக்க அதுதான் ஆதாரம். மனுவில் கட்சிப் பெயர் வேண்டாம். தெருப் பெயர், வார்டு எண், இரண்டு வார்டின் மக்கள்தொகை, எங்கே கோடு போட வேண்டும் என்ற வரைபடம், இவ்வளவுதான். கெடு முடிவதற்குள் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள்.